எது ஓடல, தங்கச்சி?

இந்த ஃபேன் ரிப்பேருக்கா என்று கேட்டீர்கள். இல்லை அண்ணாச்சி, ரிப்பேருக்குக் கொண்டுபோகவில்லை. ரிப்பேர் பார்த்துத் திரும்பக் கொண்டுபோவதும் இல்லை. ஏறும்போது கண்டக்டரும் இதையேதான் கேட்டார். அவருக்கு ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். விசில் வாயில் இருக்கிற ஆளிடம் என்னத்தைச் சொல்ல? நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். தூத்துக்குடி வரைக்கும்தானே? அப்படியென்றால் சொல்லலாம். துண்டு எதற்குப் போர்த்தியிருக்கிறேன் என்றால், ஜன்னல் காற்றில் இறக்கை தானாகச் சுற்றுகிறது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

இந்த ஃபேனுக்கு ஒரு கோளாறும் கிடையாது. ஒரே ஒரு ஒயர் கழன்றிருக்கிறது. மாட்டினால் ஓடிவிடும். இரண்டு நிமிஷ வேலை. அதுவும் எனக்கு எதற்கு இரண்டு நிமிஷம்?

என் பேர் தவசிமுத்து. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில் கம்ப்ரஸர் பார்க்கிறேன். இருபத்தாறு வருஷமாக ராத்திரி ஷிப்ட். படித்தது ஒன்பதாவது. மெஷின் யாரும் சொல்லித் தரவில்லை. பிரித்தேன், மாட்டினேன், ஷாக் அடித்தது, மறுபடி பிரித்தேன். பழைய புத்தகக் கடையில் எலக்ட்ரிகல் புத்தகம் கிடைத்தால் வாங்குவேன். தமிழ் என்றால் படிப்பேன், இங்கிலீஷ் என்றால் படத்தை மட்டும் பார்ப்பேன். அங்கே மூன்று கம்ப்ரஸர். மூன்றில் எதற்கு மூச்சு மாறினாலும் எனக்குத் தெரியும். போய்ப் பார்க்க வேண்டியதில்லை, முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாலும் போதும், காது சொல்லிவிடும்.

இந்தக் காது ஒரு வியாதி அண்ணாச்சி. யார் வீட்டுக்குப் போனாலும் விடாது. என் சகலை மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அடுப்படியிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். மூன்று நிமிஷம் கழித்து மறுபடி ‘டிக்’. ஃபிரிட்ஜ் எடுக்கப் பார்க்கிறது, எடுக்க முடியவில்லை, மோட்டாரைக் கிளப்பிவிடுகிற ரிலே போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. விருட்டென்று எழுந்துவிட்டேன். நான் ஏதோ மரியாதைக் குறைச்சலில் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இரண்டு பேர் பின்னாலேயே ஓடி வந்தார்கள். “அண்ணாச்சி, எதுன்னாலும் உக்காந்து பேசுவோம், முகத்த முறிச்சிட்டுப் போவாதிய” என்கிறார்கள். நான் அடுப்படியில் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். “ஒரு டெஸ்டர் கெடைக்குமா?” என்றேன்.

சிரிக்கிறீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் நான் வருகிறேன் என்று தெரிந்தால் கூட்டாளிகள் வீட்டில் பெண்கள் ஓடாததையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துவிடுவார்கள். மிக்ஸி ஓடவில்லை என்பார்கள். கவிழ்த்து அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்குவேன், ஓடும். என்னமோ நான் மந்திரம் போட்ட மாதிரி பார்ப்பார்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கண்டன்சர். ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டுகிறது என்றால் கதவு ரப்பர், ஒரு தாளை இடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தால் தெரியும். கிரைண்டர் முனகுகிறது என்றால் பெல்ட். நான் போய்வருகிற வீட்டில் ஒரு பொருள் கெட்டுக் கிடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

உள்ளதைச் சொன்னால், எனக்குப் பேச வராது அண்ணாச்சி. ராத்திரி பூராவும் மெஷின் சத்தத்தில் இருக்கிறவனுக்குப் பேச்சு எங்கே வரும்? நாற்காலியில் உட்கார வைத்து, காப்பியைக் கையில் கொடுத்து, “அப்புறம்?” என்று கேட்டுவிட்டால் எனக்கு வேர்த்துவிடும். அப்புறம் என்ன? ஒன்றும் இல்லையே. ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டால் மூன்று மணி நேரம் இருப்பேன். இன்றைக்கு என்னமோ பேசிக்கொண்டே வருகிறேன், பாருங்கள்.

பொன்னுலிங்கத்துக்கு இது தெரியும். என்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை.

அவனும் நானும் இருபது வயதில் ஒன்றாக ஐஸ் பாளம் இழுத்தவர்கள். கொக்கியைப் போட்டு அவன் இழுப்பான், நான் பின்னால் தள்ளுவேன். கல்யாணம் முடிந்ததும் பெண்டாட்டி ஊரான கோவில்பட்டிக்கே போய் ஒரு நூல் மில்லில் சேர்ந்துவிட்டான். பஞ்சை உடைத்துத் தூசி பிரிக்கிற இடம் இருக்கிறது பாருங்கள், அங்கே. வேலை முடிந்து வெளியே வந்தால் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். “என்னல, ஐஸை விட்டும் வெள்ளை விடமாட்டேங்கு” என்பேன். சிரிப்பான். அவன் பெண்டாட்டி சண்முகக்கனி. நான் தங்கச்சி என்பேன், அது என்னை அண்ணே என்று கூப்பிடும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். காலையில் ஷிப்ட் முடித்து நேரே பஸ். எட்டயபுரத்தில் கண் அசந்து கோவில்பட்டியில் முழிப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “என்ன மாப்ள, எது சத்தம் போடுது?” என்று அவனே கேட்டுவிடுவான். நான் பிரிப்பேன், அவன் பக்கத்தில் குத்தவைத்து டார்ச் பிடிப்பான். பிடித்துக்கொண்டே பேசுவான். மில்லில் நடந்தது, மச்சான் சண்டை, பக்கத்து வீட்டு நாய். நான் ம் என்பேன். கனி வைத்த காப்பி ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடக்கும். “ஒங்க அண்ணனுக்கு ஒருநாளாச்சும் காப்பியைச் சூடா குடிக்க வைக்கிறேனா இல்லையா பாரு” என்பான் அவளிடம். கடைசி வரைக்கும் நடக்கவில்லை.

ஒயரில் டேப் சுற்ற அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சுற்றி முடித்ததும் முனையை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. நுனியைக் கொஞ்சம் மடித்து, ஒரு காது மாதிரி விட்டுவிட வேண்டும். “எதுக்குல?” என்று கேட்டான். “நாளைக்கு ஒருத்தன் இதைப் பிரிக்கணும்லா. நகத்தை வச்சுச் சொரண்டிக்கிட்டு இருப்பானா? காதைப் பிடிச்சு இழுத்தா வந்திரும்.” எந்தக் கடையிலும் எந்த எலக்ட்ரீசியனும் இப்படி விடமாட்டான். எனக்குத் தெரிந்து இந்தப் பழக்கம் உள்ளவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தன், அவன் ஒருத்தன்.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் போவது குறைந்துபோயிற்று. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அவன் வீட்டில் எல்லாம் நன்றாக ஓடியது, அவ்வளவுதான். நான் பார்த்த வேலை அப்படி. ஒன்றும் கெடவில்லை என்றால் எதற்குப் போக? ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தூங்கலாம் என்று ஒரு மாதம் விட்டேன், இரண்டு மாதம் விட்டேன், எட்டு மாதம் ஆகிவிட்டது. போனில் பேசுவான். “என்ன மாப்ள, ஆளையே காணோம்.” “என்னத்த வர, எல்லாம் ஓடுதுல்லா?” என்பேன். “ஓடுது, ஓடுது” என்பான்.

பிறகு ஒருநாள் போன். “மாப்ள, மிக்ஸி ஓடமாட்டேங்கு.”

இருங்கள் அண்ணாச்சி, போன் அடிக்கிறது.

என் வீட்டுக்காரிதான். வேலம்மாள். வீட்டில் டியூப் லைட் எரியவில்லையாம். மணி பதினொன்று ஆகிறது, பட்டப்பகலில் டியூப் லைட் எரியவில்லை என்று ஒரு போன்! மகளைக் கட்டிக் கொடுத்ததிலிருந்து இப்படித்தான், ஏதாவது ஒன்று ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வந்து பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவள் கிடக்கிறாள்.

எங்கே விட்டேன்? மிக்ஸி. போனேன். பிளக்கைத் திறந்தால் ஒயர் கழன்றிருக்கிறது. மாட்டினேன், ஓடியது. பதினைந்து நாள் கழித்து மறுபடி போன், இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. போனேன். உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அடுத்து ரெகுலேட்டர். அடுத்து காலிங் பெல். எல்லாம் ஒரே மாதிரிக் கோளாறு. சொல்லப்போனால் கோளாறே இல்லை, எங்கேயோ ஒன்று கழன்றிருக்கும். “ஏய், நான் இல்லாதப்ப எவனையாச்சும் கூப்பிட்டு வேலை பாத்தியால? எந்த மடையன் இப்படி லூசா விட்டுட்டுப் போறான்?” என்று கத்துவேன். கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடும். இவன், “எவனோ ஒரு மடையன்தான் மாப்ள, விடு” என்பான்.

டார்ச் பிடிப்பான். முன்னே மாதிரி இல்லை. வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காது, ஆடும். “ஏல, நேரா பிடி. கை ஏன் இப்படிக் கெடந்து ஆடுது? தண்ணி கிண்ணி போட்டிருக்கியா?” என்றேன். “இல்ல மாப்ள” என்று இரண்டு கையாலும் பிடித்தான். அதுவும் ஆடியது. நான் டார்ச்சைப் பிடுங்கி என் வாயில் கவ்விக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன், “மாப்ள, ஒன்னு சொல்லணும்” என்றான். எனக்கு வாயில் டார்ச். கையைக் காட்டினேன், பொறு என்று. இந்த ஸ்க்ரூவை முடித்துவிடுகிறேன் என்று. முடித்து நிமிர்ந்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஷிப்டுக்குப் போக வேண்டாமா நான்? “அடுத்த வாட்டி சொல்லுல” என்று கிளம்பிவிட்டேன். “சரி மாப்ள, அடுத்த வாட்டி” என்றான்.

அடுத்த தடவை போனபோதுதான் அந்தச் சத்தம்.

வீட்டுக்குள் காலை வைத்ததுமே காதில் விழுந்தது. ஸ்ஸ்... என்று மெல்லிசாக. குக்கர் விசில் அடிக்கிறதற்கு முன்னால் ஆவி கசியும் பாருங்கள், அந்த மாதிரி. நடுவில் ஒரு சின்னக் கீச்சு. விட்டு விட்டு வருகிறது. கேஸ் கசிகிறதோ என்று சிலிண்டரில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தேன், இல்லை. ஃபேனை நிறுத்தினேன். சத்தம் வருகிறது. ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். வருகிறது. கடைசியில் மெயினையே இறக்கிவிட்டேன். வீடு கப்பென்று அடங்கிவிட்டது. அவன் நாற்காலியில், கனி அடுப்படி நிலையில், நான் நடுவீட்டில். ஸ்ஸ்... கீச். ஸ்ஸ்... கீச்.

“கேக்குதால?” என்றேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தான், முகம் சிவந்துவிட்டது. சத்தம் நின்றுவிட்டது. “பாத்தியா, ஒன்னப் பாத்து பயந்து ஓடிட்டு” என்றான் ஒரே மூச்சில். மறுபடி ஆரம்பித்தது. ஸ்ஸ்... நான் பரண் மேல் ஏறினேன். தண்ணீர்க் குழாயில் காதை வைத்தேன். ஜன்னல் இடுக்கில் காகிதத்தைத் திணித்தேன். ஒரு மணி நேரம் தேடினேன் அண்ணாச்சி. கனி ஏதோ சொல்ல வந்தது. இவன் கையை அமர்த்தினான். “விடு கனி, கண்டுபிடிச்சிருவான். அவன் காதுக்குத் தப்பி எது இருந்திருக்கு?” என்றான்.

கண்டுபிடிக்கவில்லை. என் ஆயுசில் நான் கண்டுபிடிக்காமல் விட்ட சத்தம் அது ஒன்றுதான்.

இதற்கு அடுத்தது கிரைண்டர். அதில்தான் பிடிபட்டான். அடிமூடியைத் திறந்தேன். மோட்டாருக்குப் போகிற ஒயர் கழன்றிருக்கிறது. கழன்ற நுனியில், யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாது என்று, அழகாக டேப் சுற்றியிருக்கிறது. டேப்பின் நுனியில் காது.

நான் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ரெகுலேட்டர், பெல் எல்லாம் வரிசையாக மண்டைக்குள் வந்தது. எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். ராத்திரி பூராவும் நின்று வேலை பார்த்துவிட்டு, கண் எரிய எரிய ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறேன். ஒருதரம் இல்லை, ஐந்து தரம். யாருக்குக் கோபம் வராது? உங்களுக்கு வருமா வராதா?

“நீதானால கழட்டி விட்ட?” என்றேன்.

அவன் டார்ச்சை அணைத்தான்.

“ஒன்னத்தாம்ல கேக்கேன். நான் என்ன கோமாளியா? ஒனக்குப் பொழுதுபோகலைன்னா நான் வந்து வித்தை காட்டணுமா?”

“அண்ணே, அப்படியில்ல...” என்றது கனி.

“நீ சும்மா இரு தங்கச்சி. ஒனக்கும் தெரிஞ்சுதான இருந்திருக்கு.”

அவன் மெதுவாகச் சொன்னான். “சும்மா கூப்பிட்டா நீ வரமாட்டியே மாப்ள.”

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சும்மா வாரதுக்கு எனக்கு இங்க என்ன வேலை?” என்றேன்.

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கிரைண்டரை மாட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். திறந்துபோட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை. தெரு முக்கு வரைக்கும் பின்னால் வந்தான். நான் விறுவிறுவென்று நடந்தேன். முக்கில் திரும்பிப் பார்த்தபோது ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவன் வண்டியையோ. நடிக்கிறான் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் போனே இல்லை. பிறகு ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டான். “மாப்ள, டேபிள் ஃபேன் ஓடல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் பாதி போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவரக் கூடாது இல்லையா? “கழட்டினவனே மாட்டு” என்றேன்.

“எனக்கு மாட்டத் தெரியாது மாப்ள.”

“கழட்டத் தெரியுதுல்லா?”

அந்தப் பக்கம் ஸ்ஸ் என்று கேட்டது. போன் லைன் சரியில்லை என்று நினைத்தேன். “சரி மாப்ள, நீ தூங்கு” என்று வைத்துவிட்டான். ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் தூங்கு என்கிறானே என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த மாதம் போகலாம் என்று வைத்திருந்தேன் அண்ணாச்சி. சத்தியமாகப் போயிருப்பேன். கொஞ்சம் ஏங்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஒரு மனுஷன் கூட்டாளி மேல் ஒரு மாதம் கோபமாக இருக்கக் கூடாதா?

பன்னிரண்டாம் நாள் காலையில், ஷிப்ட் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், கனி போன். “அண்ணே...” என்றது. “அண்ணே, வாங்க.”

நான் கேட்டேன், “எது ஓடல, தங்கச்சி?”

அந்தப் பக்கம் பின்னால் ஒரு பெண் ஓங்கி அழுகிற சத்தம் கேட்டது. பிறகு முன்னே பேசின அதே குரலில் கனி சொன்னது, “நீங்க வாங்கண்ணே.”

கேட்டுவிட்டேன் அண்ணாச்சி. வாயிலிருந்து வந்துவிட்டது. தாலியறுத்த பெண்ணிடம், எது ஓடல என்று.

போனேன். வீட்டு முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவீட்டில் ஃப்ரீசர் பாக்ஸ். அதற்குள் அவன். கன்னமெல்லாம் ஒட்டி, யாரோ வயசாளி மாதிரி. எத்தனை மாதமாக அப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தைத்தானே பார்த்தேன், டார்ச் பிடித்தவனை எங்கே பார்த்தேன்? தலைமாட்டில் அவன் மச்சான், சுற்றிப் பெண்கள். எனக்கு அழ வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், பெட்டி சத்தம் போட்டது. கனமாக உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. மறுபடி எடுக்கிறது, நிற்கிறது. டிக். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள், சூடு வெளியே போக வழியில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே ஓடினால் கம்ப்ரஸர் அடித்துப்போகும், அவன் அதற்குள் கிடக்கிறான்.

மாலையைக் கீழே வைத்துவிட்டுக் குத்தவைத்துவிட்டேன். “ரெண்டு பேர் பிடிங்கய்யா, முக்கால் அடி முன்னால இழுக்கணும். இதுக்கு மூச்சு விட எடம் வேணும்” என்றேன்.

அவன் சித்தப்பா ஒருத்தர் அதட்டினார். “யோவ், எழவு வீட்டுல வந்து என்னய்யா நோண்டுத? எந்திரி.”

கனி தலையை நிமிர்த்தியது. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. “விடுங்க மாமா. அண்ணன் பாக்கட்டும். அவங்க பாத்தாத்தான் இவுகளுக்குத் திருப்தி” என்றது.

இழுத்தோம். பின்பக்கத்துக் கிரில்லில் தூசி அப்பியிருந்தது, என் துண்டால் துடைத்தேன். இந்தத் துண்டுதான். கம்ப்ரஸர் ஒருதரம் குலுங்கிவிட்டுச் சீராக எடுத்தது. நான் எப்போதும் செய்கிற மாதிரி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தேன். வேறு ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று.

இல்லை. ஃபேன் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, தெருவில் ஆள் சத்தம். எல்லாச் சத்தமும் இருக்கிறது. அந்த ஸ்ஸ்... கீச் மட்டும் இல்லை.

மெயினை இறக்கிவிட்டுத் தேடினேனே அண்ணாச்சி. பரண் மேல் ஏறித் தேடினேனே. நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், எனக்கு நாலடியில்.

பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய்ப் போய் நுரையீரல் கெட்டுவிட்டது என்று மதுரையில் சொல்லி ஒன்றரை வருஷம் ஆயிற்றாம். கனி பிறகு சொன்னது. “நான் போன் பண்ணிச் சொல்லுதேன்னேன். இவுக விடல. நேர்ல பாத்து நானே சொல்லுதேன், போன்ல சொன்னா அவன் ராத்திரி மெசினுக்கிட்ட நின்னுக்கிட்டுத் தனியா அழுவான்னாக.”

எனக்கு இன்னும் அவன் மேல் கோபம் போகவில்லை. ஏன் போக வேண்டும்? நேரே சொல்லியிருக்கலாமே. ‘எனக்கு முடியலல, வா’ என்று ஒரு வார்த்தை. நான் வந்திருக்க மாட்டேனா? மிக்ஸி ஓடலை, பெல் அடிக்கலை என்று எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? சொல்லுங்கள்.

சரி, நீங்கள் எதற்குச் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நான் போகவில்லை. ஷிப்ட் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குத்தான் போனேன். யாரும் கூப்பிடாமல், டூல்ஸ் பை எடுக்காமல். முதல் தடவையாக அந்த வீட்டுக்குச் சும்மா போனேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கனி காப்பி கொடுத்தது. சூடாகக் குடித்தேன். நாக்கு வெந்துபோயிற்று. அது அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு உள்ளே போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்தது. “இத நீங்க கொண்டுபோங்கண்ணே. ஒங்க கிட்ட பேசிட்டு, போனை வச்சுட்டு, இதப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு இருந்தாக. நான் கடைக்குக் குடுத்து மாட்டிட்டு வாரேன்னேன். வேர்க்குதுல்லா, எதுக்குக் கெடந்து கஷ்டப்படணும்னேன். தொடாத, மாப்ள வந்து பாப்பான்னாக. கடைசி நாள் வரைக்கும் விசிறியத்தான் வச்சு வீசினேன்.”

அடிமூடியில் நாலு ஸ்க்ரூ. அடுப்படிக் கத்தியாலேயே திறந்துவிட்டேன். கனி பார்க்க வேண்டாம் என்று முதுகைத் திருப்பிக்கொண்டேன். சுவிட்சுக்குப் போகிற ஒயர் கழன்றிருந்தது. நுனியில் டேப். கை நடுக்கத்தில் சுற்றியிருக்கிறான், கோணல்மாணலாக, மேடும் பள்ளமுமாக. ஆனாலும் முனையில் காது விட்டிருந்தான். நகத்தை வைத்துச் சுரண்டாமல், பிடித்து இழுத்தால் வந்துவிடுகிற மாதிரி.

நான் இழுக்கவில்லை. மூடிவிட்டேன். “என்னண்ணே கோளாறு?” என்று கேட்டது. “இது ஓடாது தங்கச்சி. மோட்டார் எரிஞ்சுட்டு” என்றேன். என் வாயால் ஒரு பொருளை ஓடாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கனி நம்பியதா என்று தெரியவில்லை. தலையை ஆட்டியது.

வீட்டில் பீரோ மேல் வைக்கப் போகிறேன். இப்படியேதான் வைப்பேன். மாட்டிவிட்டேன் என்றால் அவன் கூப்பிட்டது முடிந்துபோகும். இப்படியே கிடந்தால், இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று இருக்கும். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டும்.

குறுக்குச்சாலை வந்துவிட்டதா? இன்னும் அரைமணி நேரம்தான்.

மறுபடியும் போன். அவள்தான். டியூப் லைட்டுக்கு இரண்டாவது போன், பாருங்கள். அந்த லைட்டுக்குப் போன மாதம்தான் சோக் மாற்றினேன். ஸ்டார்ட்டரும் புதுசு. லைட்டை மாட்டுகிற பட்டியும் நான் கையால் போட்டது. அது எரியாமல் போவதற்கு நியாயமே இல்லையே. போன வாரம் கிரைண்டர் என்றாள், நேற்று இஸ்திரிப் பெட்டி என்றாள். போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எல்லாம் நான் பார்த்த பொருள். எப்படிக் கெடும்?

அண்ணாச்சி, இந்த ஃபேனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். போன் அடித்து நிற்கிறதற்குள் எடுத்துவிடுகிறேன். துண்டு நழுவினால் நழுவட்டும், சுற்றினால் சுற்றட்டும், விட்டுவிடாதீர்கள்.

“வேலம்மா? இல்ல, இல்ல, அது கெடக்கட்டும். லைட்டு கெடக்கட்டும்ளா. நீ சொல்லு.”